மர்டோ திருப்பிய அம்புக்குறி

மர்டோ ராட்ரேவுக்கு ஓடுகிறவர்களைக் கண்டாலே ஆகாது. காளை துரத்தினால் ஓடலாம், பஸ்ஸைத் தவறவிட்டால் ஓடலாம், சும்மா ஓடுகிறவனுக்கு வீட்டில் வேலை இல்லை என்று அர்த்தம் என்பார். அறுபதைத் தாண்டிய மனிதர். இடது முழங்கால் சரியாக மடங்காது. ஆடு, ஆட்டுக்கொட்டகை, மனைவி எல்ஸ்பெத், இவ்வளவுதான் அவர் உலகம்.

வினை என்னவென்றால், எங்கள் மலைக்கிராமம் கிளென்டர்வியில் ஊர்க் குழு அடையாளம் போட்டுவைத்த ஓட்டப்பாதைகளிலேயே அழகானது அவருடைய நிலத்தின் வழியாகத்தான் போகிறது. தேவாலய வாசலில் தொடங்கி, பிர்ச் மரக்காட்டைத் தாண்டி, கல்சுவரை ஒட்டியபடி அவருடைய வயலுக்குள் புகுந்து, ஏரி முழுதும் கண்ணில் படுகிற மேட்டுக்கு ஏறும். வழி நெடுக மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பங்கள். அவற்றுக்கு வர்ணம் பூசியதே எல்ஸ்பெத்தான். சனிக்கிழமையானால் எடின்பரோவிலிருந்து கார் காராக வந்து இறங்குவார்கள். மர்டோவால் தடுக்கவும் முடியாது. யார் நிலத்திலும் யாரும் நடக்கலாம், ஓடலாம் என்கிற சட்டம் ஓடுகிறவன் பக்கம்.

அந்த வருஷ ஏப்ரல் படுமோசம். குட்டி ஈனும் காலம் முழுதும் குளிர்மழை கொட்டித் தீர்த்தது. போதாக்குறைக்கு ஒரு கும்பல் நாயை அவிழ்த்துவிட்டு வயலுக்குள் ஓடியது. அப்போதுதான் ஈன்றிருந்த தாய் ஆடுகள் மிரண்டு குட்டிகளை விட்டுவிட்டுத் தெறித்து ஓடின. திரும்பி வந்தவற்றில் சில சொந்தக் குட்டியையே மோந்து பார்த்து முட்டித் தள்ளின. மிச்சத்தைக் காக்கைகள் பார்த்துக்கொண்டன. காக்கை கொத்திக் கண் போன குட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு மர்டோ குழுவிடமே போய் நின்றார். அவர்கள் ரொம்ப வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு, தயவுசெய்து மெதுவாகச் செல்லவும் என்று ஒரு பலகை எழுதி மாட்டினார்கள். அதை எவன் படித்தான்?

ஓடுகிறவர்களில் ஒரே ஒருத்தியிடம் மட்டும் அவருக்குக் கோபம் வராது. பள்ளிக்கூட ஆசிரியை யூனா இம்ரி. நாய் வளர்க்காதவள், ஆட்டைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி நடப்பவள். சினையாடு மல்லாந்து விழுந்துவிட்டால் தானாக எழாது, வயிறு உப்பிச் செத்துப்போகும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் புரட்டி நிமிர்த்திவிட்டு, பண்ணை வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

"நல்ல பொண்ணுதான். இந்த ஓடுற வியாதி மட்டும் இல்லேன்னா" என்பார் மர்டோ.

"உங்க ஆடுங்களுக்கு விழுற வியாதி இல்லேன்னா நானும் நிக்காம போயிடுவேன்ல" என்பாள் அவள்.

பலகை மாட்டிய மறு சனிக்கிழமை விடிந்ததும் மர்டோ கல்சுவர் மூலைக்குப் போனார். அங்கிருந்த கம்பத்தைப் பிடித்து ஆட்டி, பிடுங்கி, யாரும் வயலுக்குள் வராமல் அம்பு கீழே பள்ளத்து ஓடைப்பக்கம் காட்டும்படி திருப்பி நட்டார். ஓடையைக் கடக்கக் கற்கள் போட்டிருக்கும், தாண்டினால் ரோடு. வருகிறவனுக்குக் கணுக்கால் நனையும், அவ்வளவுதானே, சாயங்காலம் வந்து சரிசெய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்குப் பார்த்து மூடுபனி இறங்கியது. வெளியூர்க்காரன் ஒருவனும் வரவில்லை. கொட்டகையில் ஓர் ஆட்டுக்குக் குட்டி குறுக்கே கிடந்து மர்டோவின் உயிரை வாங்கியது. மலைமேல் பேய்மழை பிடித்ததும், ஓடையில் வெள்ளம் ஏறியதும் அவர் காதில் விழவில்லை. மத்தியானத்துக்கு மேல் எல்ஸ்பெத் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"யூனா காலையில ஓடப் போனவ இன்னும் வரல. கார் சர்ச் வாசல்லயே நிக்குது. மீட்புக்காரங்க டவுன்லருந்து வர நேரமாகுமாம், நாங்க மேட்டுப்பக்கம் தேடப் போறோம். நீயும் வா."

மேட்டுப்பக்கம் இல்லை, ஓடைப்பக்கம் என்று மர்டோ ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. உனக்கெப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே! அந்த அம்பே அவள் கையால் பூசியதாயிற்றே!

"நீங்க போங்க. இதோ வர்றேன்" என்றார்.

குறுக்கு வழியில் தாறுமாறாக நடந்தார். கல்சுவர் மூலையில் அந்தக் கம்பம். தேடுகிறவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள், பார்த்துவிடுவார்கள். இங்கேதான் மனுஷன் புத்தி கெட்டுப்போனது. ஒரு பெண் எங்கேயோ செத்துக்கொண்டிருக்கிறாள், இவர் நின்று கம்பத்தைப் பிடுங்கி, பழையபடி மேட்டைக் காட்டும்படி நட்டு, மண்ணை மிதித்துச் சமன்செய்துவிட்டு ஓடைக்கு இறங்கினார்.

யூனா அங்கேதான் இருந்தாள். கால் வைத்த கல் புரண்டு, கணுக்கால் இரண்டு பாறைகளுக்கு நடுவில் சிக்கி, எழ முடியாமல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். காலையில் கணுக்காலளவு இருந்த தண்ணீர் இப்போது மார்பைத் தொட்டது. கரையோர மரத்தின் வேரைக் கட்டிப்பிடித்திருந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. மர்டோ ஓடைக்குள் இறங்கிப் பாறையைத் தள்ளிப் பார்த்தார், கையிலிருந்த ஆடு மேய்க்கும் கோலை விட்டு நெம்பினார், கோல்தான் முறிந்தது. செல்போன் கொட்டகையில் கிடந்தது. கையில் இருந்தாலும் அந்தப் பள்ளத்தில் அது எடுக்காது.

அப்போது மேலே குரல்கள் கேட்டன. ஊரே யூனா, யூனா என்று கூப்பிட்டபடி கல்சுவர் மூலைக்கு வந்தது. மர்டோ தொண்டை கிழியக் கத்தினார். ஓடையின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது. குரல்கள் மூலையில் கொஞ்சம் தயங்கின, பிறகு மேட்டைப் பார்த்து ஏறிப் போயின. அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பனிக்குள் தேய்ந்து மறைந்தன.

யூனாவுக்குப் பல் கிட்டியது. ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினாள்.

"குட்டிங்களுக்காக... வழிய மாத்தியிருக்காங்கன்னு நெனச்சேன். சரி, சுத்திப் போவோம்னு இறங்கினேன். அவங்க ஏன் மேல போறாங்க? அம்ப பாக்கலியா?"

தெரியாமல் வந்து சிக்கவில்லை இவள். வழி தெரிந்தவள், அவருடைய ஆடுகளுக்காக ஒதுங்கி இறங்கியிருக்கிறாள்.

"நான்தான் திருப்பினேன், பொண்ணே. இப்ப வரும்போது... பழையபடி வச்சிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபமா, புரியாமலா, அவரால் சொல்ல முடியவில்லை.

"அப்ப போய்ச் சொல்லுங்க" என்றாள். "நீங்க சொன்னாத்தான் வருவாங்க."

எந்தப் பண்ணைக்காரன் பையிலும் வைக்கோல் கட்டுகிற கயிறு இருக்கும். அதை அவள் அக்குளுக்கடியில் சுற்றி வேரோடு கட்டினார். தன் மழைக்கோட்டைத் தலைமேல் போர்த்தினார். கையை விடும்போது அவள் விரல்கள் மறுபடி அவர் சட்டையைப் பிடித்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதைப்போல் ஒரு பாவத்தைத் தான் செய்ததில்லை என்று மர்டோவுக்குத் தோன்றியது.

பிறகு அவர் ஓடினார். மடங்காத காலை இழுத்துக்கொண்டு, சேற்றில் விழுந்து, நாலு காலில் ஏறி, நெஞ்சு வெடிக்க ஓடினார். ஆடுகள் மிரண்டு சிதறின. குட்டிகள் தனியே நின்று கத்தின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் எல்ஸ்பெத்தின் சிவப்புத் தொப்பி தெரிந்ததும் நின்று கத்தினார்.

"ஓடையில இருக்கா. உயிரோட இருக்கா. அம்ப நான் திருப்பி வச்சிருந்தேன். அப்புறம் நீங்க பாக்கக் கூடாதுன்னு பழையபடி நட்டேன். என்னைய அப்புறம் என்ன வேணா பண்ணுங்க, இப்ப வாங்க."

யாரும் எதுவும் பண்ணவில்லை. எல்ஸ்பெத் அவரைத் தாண்டி முதல் ஆளாகக் கீழே பாய்ந்தாள். மற்றவர்கள் கடப்பாரைக்கும் கயிற்றுக்கும் ஓடினார்கள்.

தண்ணீர் யூனாவின் தாடைக்கு வந்திருந்தது. கயிறு இறுகித் தோலை அறுத்திருந்தது, ஆனால் விடவில்லை. பின்னாலேயே வந்த மர்டோ தண்ணீரில் இறங்கி அவள் தலையைத் தூக்கிப் பிடித்தார். நாலைந்து பேர் சேர்ந்து பாறையை நெம்பினார்கள். எலும்பு முறிந்த கால் துணிபோல் வெளியே வந்தது. கரையில் கிடத்திக் கம்பளியைச் சுற்றியபோது அவளுக்குப் பாதி நினைவுதான். எல்ஸ்பெத் அவள் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே, எதையாவது பேசு, கண்ணை மூடாதே என்று கெஞ்சினாள்.

யூனா கண்ணைத் திறந்தாள். சுற்றி நின்ற ஊரைப் பார்த்தாள். இடுப்பளவு தண்ணீரிலேயே நின்றிருந்த மர்டோவைப் பார்த்தாள். அம்பைத் திருப்பியது வரை எல்லாவற்றையும் ஊரிடம் அவர் சொல்லியாயிற்று என்பது அவளுக்குத் தெரியாது.

"பனியில அம்ப கவனிக்கல" என்றாள். "நானாத்தான் வழி தப்பி இறங்கிட்டேன்."

யாரும் மர்டோ பக்கம் திரும்பவில்லை. கடைசியில் எல்ஸ்பெத்தான் கரையேறச் சொல்லிக் கை நீட்டினாள். மர்டோவால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை.