ஜங்ஷனில் அறிவிப்பு வாசித்த அறை

என் மகனுக்கு என்மேல் பிரியம் ஜாஸ்தி. இருபத்தெட்டு வருடம் நான் உட்கார்ந்து வேலை பார்த்த அறையை, போன ஞாயிற்றுக்கிழமை எனக்கே டிக்கெட் எடுத்துக் காட்டினான். ஜங்ஷன் ரயில் நிலையத்தில் இப்போது வழிகாட்டியோடு சுற்றுலா நடக்கிறது. பயணிகள் நுழையாத இடங்களையெல்லாம் திறந்து காட்டுகிறார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு தம்பிதான் வழிகாட்டி. எங்கள் அறிவிப்பு அறை வாசலில் நின்றுகொண்டு, "இது வெள்ளைக்காரங்க காலத்துத் தந்தி அறை" என்றான்.

எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். "தம்பி, இது அனவுன்ஸ்மென்ட் ரூம்லா" என்று ஆரம்பித்தேன். "மேடம், கயித்தைத் தாண்டாதீங்க" என்றான். மகன் வேறு, "எம்மா, பேசாம வாங்களேன்" என்று கையைப் பிடித்து இழுத்தான். நானா பேசாமல் வருவேன்? கயிற்றுக்கு மேலே தலையை நீட்டி மோந்து பார்த்தேன். பினாயிலும் புதுச் சுண்ணாம்பும். மைக் வாசனையைக் காணோம்.

மைக்குக்கு வாசனை உண்டு என்பது வாயருகே வைத்து வாசித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் வெற்றிலை போடுகிறவர். அவர் ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் பஞ்சு உறையில் புகையிலை நெடி அடித்தது. கைக்குட்டையைச் சுற்றிவைத்து வாசிப்பேன். ஜலதோஷக்காரி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று ஸ்டேஷனில் கேலி செய்வார்கள்.

அந்தக் குரலுக்கு எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத ஒரு வேலை இருந்தது. சாயங்காலம் மெட்ராஸ் வண்டி புறப்படத் தயாராக நிற்கும். அதில் ஏற வேண்டியவர்கள் பலர் அம்பாசமுத்திரம் பக்கமிருந்து வருகிற வண்டியில் இருப்பார்கள். அது தாமதமானால் ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்ப்பார். "அம்பை வண்டி பேட்டையத் தாண்டிட்டாம், இப்ப வந்துரும். பைய வாசிங்கம்மா." நான் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் என்று, பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் ஒவ்வொரு ஊராக வாசிப்பேன். தமிழ் முடிந்தால் ஆங்கிலம், மறுபடியும் தமிழ். நான் முடிக்காமல் கார்டு பச்சைக்கொடியை விரிக்கமாட்டார். மூட்டையும் வாழைத்தாருமாக ஜனம் பாலத்தில் ஓடிவரும்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "வாசிக்கிறீங்களா, கச்சேரி பண்றீங்களா?" என்றார். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. பயந்துபோய் மறுநாள், அம்பை வண்டி தாமதம் என்று தெரிந்தும், சட்டென்று முடித்துவிட்டேன். வண்டியும் கிளம்பிவிட்டது.

சற்று நேரத்தில் அறை வாசலில் ஒரு அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். மகள் கையில் தகரப்பெட்டி. மறுநாள் காலை மெட்ராஸில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டுமாம். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

"உங்க சத்தம் கேக்குத வரைக்கும் வண்டி நிக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. பாலத்துல ஏறையிலயே நிப்பாட்டிட்டியளே தாயி" என்றார் அப்பா.

அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்குத்தான் கோபம் வந்தது. "வண்டிய நானா ஓட்டுதேன்? மாஸ்டர்ட்ட போய்க் கேளுங்க" என்று எரிந்து விழுந்தேன். அப்பா மகள் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸாவது கிடைக்குமா என்று பார்க்க அவளோடு வெளியே ஓடினார். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து பழையபடி பைய வாசித்தேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதினேன். திரும்பவும் வந்தது, திரும்பவும் எழுதினேன்.

இப்போது பதிவு செய்த குரல்தான். யார் பாலத்தில் ஓடிவந்தாலும் அதற்கு ஒரே நீளம். காதைத் தீட்டிக்கொண்டு ஓடிவருகிறவர்களும் இல்லை, எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். குரல் முடியட்டும் என்று கொடியோடு நிற்கிற கார்டும் இல்லை.

சுற்றுலா முடிந்ததும் அந்தத் தம்பி கைதட்டி, "யாருக்காவது டவுட் இருக்கா?" என்றான். மகன் அவசரமாக என்னைப் பார்த்தான். அந்தத் தந்தி அறை விஷயத்தைக்கூட நான் விட்டுவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே சந்தேகம். அந்தப் பெண் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாளா, இல்லையா? அதை அவனிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது?