பதினேழாம் நம்பர் பஸ்ஸின் சாமுராய் அக்கா

சினிமா டிஸ்க்கை வட்டமாகச் சுற்றித் துடைத்தால் கீறல் விழும். அதனால் நடுத்துளையிலிருந்து விளிம்பு வரை, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் ஒரே இழுப்பு. அப்படி எட்டு இழுப்பு. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு பிளேயரின் தட்டில் வைக்கிறார். தட்டு வழக்கம்போலப் பாதியில் மக்கர் பண்ணுகிறது. உள்ளங்கையால் செல்லமாக ஒரு தட்டு, உள்ளே போய்விடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. இனி இரண்டரை மணி நேரத்துக்கு யார் வந்து அழைப்பு மணியை அமுக்கினாலும் அவர் எழுந்திருக்கப்போவதில்லை.

வயது ஐம்பத்து மூன்று. பதினேழாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர். டெப்போவில் எல்லோருக்கும் ‘சாமுராய் அக்கா’. அவரைவிட நான்கு வயது மூத்த மெக்கானிக்குக்கும் அக்காதான்.

வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் விருந்தினருக்கென்று இருந்த கோப்பைகளெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பல வருடங்களாகின்றன. இப்போது அங்கே பழைய ஜப்பானியப் படங்கள். முக்கால்வாசி கறுப்பு வெள்ளை. “எல்லாம் போன்லயே வருதேம்மா” என்று வெளியூரில் இருக்கும் மகள் சொல்லிப் பார்த்தாள். “வரும்டி. ஒருநாள் சொல்லாமக் கொள்ளாமப் போயும்விடும். இது என் அலமாரியில இருக்கும்ல?” என்றார். மகள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு டிஸ்க் வாங்கி அனுப்பினாள்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். தெருமுனையில் ஒரு வீடியோ கடையை மூடினார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் டேப்புகளைக் குவித்திருந்தார்கள். ஓட்டைக் குடிசையின் முன்னால் வாளோடு ஒரு சாமுராய் வீரன் மழையில் நிற்கும் அட்டைப்படத்தைப் பார்த்து ஒன்றை எடுத்துவந்தார். சப்டைட்டில் கிடையாது. பேசுவதில் ஒரு சொல்லும் புரியாது. கதையை அவராகவே கட்டிக்கொண்டார். பதினோரு வருடம் கழித்து அதே படம் சப்டைட்டிலோடு டிஸ்க்கில் வந்தபோதுதான், கதாநாயகனின் அண்ணன் என்று அவர் நினைத்திருந்த ஆள் உண்மையில் பரம எதிரி என்று தெரிந்தது. “பதினோரு வருஷம்! எதிரி செத்ததுக்கு நான் மூக்கச் சிந்தி அழுதிருக்கேன் பாருங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்: “ஆனா என் கதையும் நல்லாத்தான் இருந்துச்சு.”

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கணவர், படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் சோபாவிலேயே தூங்கிப்போவார். பிளேயரை உயிரோடு வைத்திருப்பதும் அவர்தான். நடுவில் விழித்துப் பார்த்தால், திரையில் இரண்டு பேர் எதிரெதிரே அசையாமல் நின்றிருப்பார்கள்.

“என்னம்மா, படம் நின்னுபோச்சா?”

“ஓடுது. பேசாம இருங்க.”

“ஒண்ணுமே நடக்கலையே!”

“நடக்கறதுக்கு முன்னாடி இருக்குல்ல, அதுதாங்க படம்.”

அந்த இடத்தை அக்கா ரிமோட்டால் பின்னுக்குத் தள்ளி மூன்று முறை பார்ப்பார். வாளைப் பார்க்காதே, தோளைப் பார் என்பது அவர் கண்டுபிடிப்பு. கை அசைவதற்கு முன் தோள் காட்டிக்கொடுத்துவிடுமாம். பளிச்சென்று சுத்தம் செய்த புதுப் பதிப்புகள் வந்தபின் அவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. மழையில் நின்ற அந்த வீரனின் முழங்கைப் பக்கம் ஒட்டுத்துணி. எஜமானன் இல்லை, வேலை இல்லை, ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லை. “ஆனா நடையப் பாருங்க. ஊரே அவனுதுங்கிற மாதிரி!”

போன வருடம் ஒரு காலை, எட்டேகால் மணி. பஸ்ஸில் நாற்பது பேர், பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். வளைவில் வழி விடவில்லை என்று ஒரு வேன்காரர் முந்திவந்து வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். கையில் வீல் ஸ்பானர். வந்த வேகத்தில் பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கிவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினார். பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். “அக்கா, தெறக்காதீங்க!” என்று கண்டக்டர் கத்தினார்.

அக்கா இன்ஜினை அணைத்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். தன் பக்கக் கதவைத் திறந்து இறங்கி, அதைச் சாத்திவிட்டு, வேன்காரருக்கு எதிரே மூன்று கை தூரத்தில் போய் நின்றார். கைகள் இரண்டும் தொங்கியபடி இருந்தன. வேன்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார்; ஸ்பானரை ஓங்கினார். அக்கா ஸ்பானரைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தார். தோள் அடிப்பதற்கு முறுக்கேறவில்லை, குலுங்கிக்கொண்டிருந்தது. ஆள் அழுதுகொண்டிருந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. வண்டியக் கொண்டுபோய் விடச் சொல்லிட்டாங்க. பத்து வருஷம்...”

“சரி. அதுக்கு என் கண்ணாடி என்ன பண்ணுச்சு?”

ஸ்பானர் மெல்லத் தாழ்ந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகளை வேன்காரரே குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். வேனை ஓரம் கட்டும்வரை அக்கா அங்கேயே நின்றார்.

டெப்போ மேலாளர் பாராட்டவில்லை. ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. பதினைந்து நாள் ரூட் கிடையாது. டெப்போவுக்குள்ளேயே பஸ்களைக் கழுவுமிடத்துக்கும் நிறுத்துமிடத்துக்கும் ஓட்ட வேண்டும். கண்டக்டருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. “எதுத்துக் கேளுங்கக்கா! நீங்க இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்?”

“அவன் கதவ ஒடச்சிருந்தா கண்ணாடி பிள்ளைங்க மேல தெறிச்சிருக்கும். அதான் எறங்கினேன். எறங்கக் கூடாதுன்னும் தெரியும். ரெண்டும் சரிதான், விடு.”

“பயமே இல்லையா உங்களுக்கு?”

“பயமா? ஏறி உக்காந்தப்புறம் கிளட்ச்ச அமுக்கக் கால் வரலப்பா!”

பதினைந்து நாளும் அலுத்துக்கொள்ளாமல் டெப்போவுக்குள் சுற்றினார். பதினாறாம் நாள் பதினேழாம் நம்பர் மறுபடி அவர் கைக்கு வந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் கடைசியாக ஏறியவர் அந்த வேன்காரர். தேய்த்த சட்டை, கையில் சான்றிதழ்கள் வைத்த பிளாஸ்டிக் உறை. ஓட்டுநர் இருக்கையில் யார் என்று பார்த்ததும் படியிலேயே தயங்கினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். கூட்டம் நெருக்கியது. பின்னாலிருந்து ஒரு கார் ஹாரனை அடித்துத் தள்ளியது. “போலாம், ரைட்!” என்று கண்டக்டர் இரண்டு முறை குரல் கொடுத்தார்.

அக்கா உள்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். கடைசி வரிசையில் யாரோ நகர்ந்து இடம் விட, வேன்காரர் உறையை மடியில் வைத்து உட்கார்ந்தார். அதன் பிறகுதான் அக்கா பிரேக்கை விட்டார்.