ஒரு கடை, ஏழெட்டு பாஸ்

லோரி ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற தொழிலில் சாமான் பெயர் தெரியாவிட்டால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். 'பாஸ்' என்று கூப்பிட்டால் அது யாரை என்று தெரியாவிட்டால் பிழைக்கவே முடியாது. மலேசியாவில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை ஏதாவது ஒரு கடையில் வேலைக்கு நின்ற அத்தனை பேருக்கும் என் கஷ்டம் புரியும். வாங்க, சேர்ந்தே அழுவோம்.

நான் நின்றது கிள்ளானில், பண்டமாரான் போகிற சாலையோரக் கடையில். முதலாளி மாணிக்கம் அங்கிள். ஸ்டோரில் புதுக்கோட்டையிலிருந்து வந்த செந்தில் அண்ணன். கவுண்டரிலும் போனிலும் நான், கவிதா. எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் பேசினாலும் அவர் குரல் என் வாயில் ஒட்டிக்கொள்ளும். தலைமையாசிரியை குரலில் ஒரு வகுப்பையே வெயிலில் திடலுக்கு அனுப்பியவள் நான்.

நாலு பேர் திரும்பினோம்

முதல் நாள். வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "பாஸ்!" என்று கத்தினார். நாலு பேர் திரும்பினோம்: மேசையில் உட்கார்ந்திருந்த அங்கிள், பெட்டி தூக்கிக்கொண்டிருந்த செந்தில் அண்ணன், ஏற்கெனவே காத்திருந்த இன்னொரு வாடிக்கையாளர், நான். வந்தவர் நாலு பேரையும் பாஸ் என்றுதான் சொன்னார். அங்கிளிடம் வணக்கம் பாஸ், செந்தில் அண்ணனிடம் சீக்கிரம் பாஸ், காத்திருந்தவரிடம் கொஞ்சம் தள்ளுங்க பாஸ். என் பெயர் தெரியாததால் நானும் பாஸ்.

பாஸ் என்றால் முதலாளி என்று பள்ளியில் படித்த பெண் நான். "இதுல யாருண்ணே உண்மையான பாஸ்?" என்று வந்தவரையே கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "யாரு மொதல்ல சாமான் எடுத்துக் குடுக்கிறாங்களோ, அவங்கதான் பாஸ் லா!"

ஸ்டீரிங் பாஸ்

போன் அடித்தது. "பாஸ், ஸ்டீரிங் பாஸ் இருக்கா பாஸ்?" என்றது ஒரு கரகரத்த குரல். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். விளையாட்டு என்றால் விடுவேனா? அதே கரகரப்பில், "இருக்கு பாஸ், எந்த பாஸ் வேணும் பாஸ்?" என்றேன். அரை மணி நேரத்தில் கண்டெய்னர் லோரி ஒன்று கடையை மறைத்துக்கொண்டு நின்றது. இறங்கியவர் முனியாண்டி அங்கிள். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை.

ஸ்டீரிங் பாஸ் என்று உண்மையிலேயே ஒரு சாமான் இருக்கிறது. ஸ்டீரிங் வட்டத்தைத் தண்டோடு பொருத்துகிற நடுத்துண்டு. செந்தில் அண்ணன் அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு முன்னால் வைத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் முனியாண்டி அங்கிள் குரலிலேயே வந்து தொலைத்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார்.

"பாஸ், நாளைக்கி லோரிய இந்தப் புள்ளயே ஓட்டட்டும், நான் வீட்ல படுத்துக்கிறேன்!"

தொரை

ஒரு சொல்லுக்கு இவ்வளவு வேலையா என்று போனில் தேடிப் பார்த்தேன். பாஸ் என்பது முதலில் டச்சுக்காரர்களின் சொல்லாம், எஜமானன் என்று அர்த்தம். அமெரிக்காவில் கூலிக்கு நின்றவர்களுக்கு, எஜமானனைக் குறிக்கிற 'மாஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை வாயால் சொல்லவே பிடிக்கவில்லையாம். அடிமைகள் சொல்கிற சொல் அது. அதனால் டச்சுச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அர்த்தம் அதேதான், ஆனால் குனியாமல் சொல்லலாம்.

இதை நான் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தபோது மாணிக்கம் அங்கிள் சிரித்தார். அவர் அப்பா ரப்பர் தோட்டத்தில் இருந்தவர். அங்கிள் ஒரு தடவை செருமிக்கொண்டார். போன் எடுத்தாலும் அப்படித்தான், முதலில் செருமல், பிறகு 'சொல்லு ராஜா, எந்த லோரி?' அந்தச் செருமலை நான் அச்சு அசலாகச் செய்வேன். செந்தில் அண்ணன் அதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அன்று செருமல் முடியக் கொஞ்சம் நேரமாயிற்று. அதன் பிறகுதான் அங்கிள் சொன்னார்.

"எங்கப்பா சாகற வரைக்கும் தொரைன்னாரு. நான் ஒருத்தனயும் அப்படிக் கூப்பிடல, அதுக்குத்தான்மா இந்தக் கடை."

அகராதியில் இன்னொன்று

மறுவாரம் இன்னும் தோண்டினேன். ஸ்டீரிங் பாஸில் வருகிற பாஸ் வேறு குடும்பமாம். பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததாம். போர்வீரன் கேடயத்தின் நடுவில் குமிழ் மாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, அதற்கும் பாஸ் என்றுதான் பெயர். மூல அர்த்தம் வீக்கம், புடைப்பு.

"அங்கிள், பாஸ்னா வீக்கமாம்!" என்று கடை அதிரக் கத்தினேன். அங்கிள் சிரிக்கவில்லை. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அங்கே இருந்த கட்டியை விரலால் தொட்டுக் காட்டினார். செந்தில் அண்ணன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், குரல்வளையை எடுத்துவிடுவார்கள் என்றார் அங்கிள். நான் ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த செருமல்தான் நோய். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அவரே பேச்சை முடித்தார்.

"யார் கேட்டாலும் ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க, வேற ஒன்னும் சொல்லாதீங்க."

ஊருக்குப் போயிருக்காரு

சொன்னேன். மூன்று வாரம் ஒரு கிளிப்பிள்ளையைவிட நன்றாகச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை முனியாண்டி அங்கிள் போன் செய்தார். அவருக்குத் தொண்டை விஷயம் தெரியும், ஆபரேஷன் தெரியாது. "பாஸ் கிட்ட குடும்மா," என்றார். ஊருக்குப் போயிருக்காரு என்றேன். "எந்த ஊருக்கு? இந்தத் தொண்டய வச்சிக்கிட்டா?" என்றார். லோரி எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த முரட்டு மனிதர் மூக்கை உறிஞ்சினார்.

எனக்குத் தாங்கவில்லை. வாயும் என்னைக் கேட்கவில்லை. போனைக் கை மாற்றுகிற மாதிரி சத்தம் செய்தேன், ஒரு செருமல் செருமினேன். "சொல்லு ராஜா. ஒன்னும் இல்லடா, கட்டி கரைஞ்சிருச்சி. டாக்டரே சொல்லிட்டாரு." செந்தில் அண்ணன் ஸ்டோர் வாசலில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். போனில் முனியாண்டி அங்கிள் குழந்தை மாதிரி சிரித்தார்.

"முருகா! இன்னிக்குத்தான் பாஸ் எனக்குச் சோறு எறங்கும்!"

திருநீறு

சனிக்கிழமை மாணிக்கம் அங்கிள் முன்னறிவிப்பு இல்லாமல் கடைக்கு வந்துவிட்டார். கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் ஒரு மார்க்கர் பேனா. அட்டைப்பெட்டி மூடிகளைக் கிழித்து அதில் எழுதிப் பேசினார். அவருக்குக் காது போன மாதிரி வந்தவர்கள் எல்லாரும் கத்திக் கத்திப் பேசினார்கள், பிறகு என் பக்கம் திரும்பி, "பாஸ், நீங்க எடுத்துக் குடுங்க," என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மேசையைப் பார்த்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு முனியாண்டி அங்கிள் நெற்றி நிறைய விபூதியோடு, கையில் பிரசாதப் பொட்டலத்தோடு நுழைந்தார். "பாஸ்! நேத்து கோயில்ல ஒங்க பேர்ல அர்ச்சன! முந்தாநேத்து அந்தக் கொரலக் கேட்டதும்…" என்றவர், துணியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். "என்ன பாஸ், போன்ல நல்லாத்தானே பேசினீங்க?"

மாணிக்கம் அங்கிள் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புது மூடி ஒன்றைக் கிழித்து, நிதானமாக எழுதி என் பக்கம் திருப்பினார்: பேசிக் காட்டு. கோபமா, ஆசையா, தெரியவில்லை. வாயைத் திறந்தேன். செருமல் வந்தது. 'சொல்லு' வரவில்லை. மறுபடியும் செருமினேன், காற்றுதான் வந்தது. அங்கிள் காதை என் பக்கம் சாய்த்தபடியே காத்திருந்தார். கடைசியில் முனியாண்டி அங்கிள்தான் பொட்டலத்தைப் பிரித்து, விபூதியை எடுத்து, மேசைக்கு அந்தப் பக்கம் எட்டி மாணிக்கம் அங்கிள் நெற்றியில் பூசினார்.

"விடுங்க பாஸ், அந்தப் புள்ளக்கும் தொண்ட அடைச்சிக்கிச்சி."

ஒரு சொல் டச்சிலிருந்து வந்ததா பிரெஞ்சிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம்தான் ஆனது. "பாஸால இனிமே பேச முடியாதுங்க, நான் கவிதா பேசுறேன்" என்று போனில் என் சொந்தக் குரலில் சொல்லத்தான் எஸ்.பி.எம். முடிவு வருகிற வரைக்கும் நாள் பிடித்தது.