ஒட்டக் கூடாத லைன்

நம்பாதவர்கள் என் இடக்கையைப் பார்க்கலாம். மூன்று விரல் இன்றும் மடங்காது. சத்தியமாக நடந்தது.

ஓங்கோலில் ஒரு கிரானைட் கம்பெனியின் ரவுட்டர் அறை என் பொறுப்பு. சீமகுர்த்தி குவாரியில் இதே வேலை மல்லேஸுக்கு. என்னைப் ‘பாவா’ என்பான், தெலுங்கில் மச்சான். அவன் அக்காவை நான் கட்டவில்லை, சும்மா கேலி.

இரண்டு ரவுட்டரையும் இணைக்கும் எங்கள் லைனுக்கு இரண்டே முனை. நடுவில் எவனும் கிடையாது. இணையும் முன் என் ரவுட்டர் ஓர் எண்ணை நீட்டும். அதோடு ரகசியச் சொல்லைக் கலந்து கணக்குப் போட்டு அந்த முனை விடை தர வேண்டும். இரு பக்கமும் ஒரே சொல் இருந்தால்தான் ஒட்டும். அதனால் சொல்லை மாற்றும்போதெல்லாம் போனில் பேசிச் சேர்ந்தே மாற்றுவோம்.

அன்று காலை மல்லேஸ் போன் செய்தான்.

“பாவா, நான் மட்டும் சொல்லை மாத்திட்டேன். உனக்குச் சொல்ல மாட்டேன்.”

“என்னடா விளையாட்டு?”

“மேஸ்திரி பசவய்யா கல்லு கடத்துறது கேமராவுல மாட்டிருக்கு. உன் ஆபீஸ்ல இருந்து யாரும் அதை அழிச்சிடக் கூடாது. நாளைக்கு போலீஸுக்குக் கொடுத்துடறேன். அதுவரை லைன் செத்தே கிடக்கட்டும்.”

மதியம் ஒன்றரைக்குக் கதவு தடாலென்று திறந்தது. பசவய்யா. கையில் கடப்பாரை. சட்டையெல்லாம் சிவப்பு.

“லைனைத் திற. படத்தை அழி.”

“சொல்லு தெரியாதுங்க. மல்லேஸைத்தான் கேக்கணும்.”

“அவனைக் கேட்டாச்சு.” சிரித்தான். “படம் எந்தப் பெட்டியிலன்னும் சொல்லல, டைப் பண்ணவும் மாட்டேன்னான், திமிரு புடிச்சவன்.”

கதவைத் தாழிட்டான். என் இடக்கையை மேசையில் அழுத்தி, கடப்பாரையால் ஓங்கி அடித்தான். மளுக்! அலறிவிட்டேன். உயிர் போய்விடும் என்றே நினைத்தேன்.

வலக்கையால் தட்டினேன். லைன் எழுந்தது... விழுந்தது. எழுந்தது... விழுந்தது. இங்கே பழைய சொல், அங்கே புதுச் சொல். எப்படி ஒட்டும்?

“இன்னொரு கை இருக்கில்ல?” என்றான்.

டிக்.

பச்சை விளக்கு எரிந்தது.

நான் எதையும் தொடவில்லை...

லைன் ஒட்டிவிட்டது. என் பழைய சொல்லுக்கே சரியான விடை வந்திருந்தது.

“அழிடா!”

என் விரல் அசையவில்லை. அவன் என் பின்னால் நகர்ந்தான். கடப்பாரை உயர்வது மானிட்டர் கண்ணாடியில் தெரிந்தது.

திரையில் எழுத்துகள் வந்தன. குவாரி முனையிலிருந்து. ஒவ்வொன்றாக.

“பாவா, வல...”

எழுத்துகள் பின்வாங்கி அழிந்தன.

“பாவா, இடப்பக்கம் சாய்.”

சாய்ந்தேன்.

கடப்பாரை வலப்பக்கத்திலிருந்த யூபிஎஸ் பேட்டரிகளில் பாய்ந்தது. டமார்! நீல நெருப்பு. கருகிய தோல் நாற்றம். பசவய்யா சுவரில் மோதி விழுந்து துடித்தான்...

பச்சை விளக்கு அணைந்தது.

பசவய்யா பிழைத்தான். ஜெயிலில் இருக்கிறான். கேமராப் படம் அழியவில்லை, சாட்சியானது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சர்க்கிள் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். “மல்லேஸ் உயிரோடதானே இருக்கான்? அவன்தான் எனக்கு டைப் பண்ணிச் சொன்னான்.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

“எப்படிப்பா? நேத்து காலையில பதினொரு மணிக்கே செத்துட்டான். குவாரி ரவுட்டர் ரூம் வெளியே பூட்டி இருந்துச்சு.”

குரலைத் தாழ்த்தினார்.

“அதுவும் இல்லாம... அவனோட ரெண்டு கையையும் மணிக்கட்டோட வெட்டி எடுத்திருக்காங்க. இன்னும் கிடைக்கல.”