முப்பது செகண்ட்

அலுவலகத்தில் அவருக்கு 'முப்பது செகண்ட்' என்றுதான் பெயர். வீட்டில் ஆன்லைன் படம் சுற்றிச் சுற்றி நின்றுபோனால் ஜனங்கள் கூப்பிடுகிற வாடிக்கையாளர் சேவையில் பதினோரு வருட உத்தியோகம். யார் என்ன புலம்பினாலும், "ரவுட்டரை ஆஃப் பண்ணுங்க, முப்பது செகண்ட் பொறுங்க, ஆன் பண்ணுங்க" என்பார். பத்தில் ஏழு பேருக்குச் சரியாகிவிடும். மீதி மூன்று பேர் திட்டுவார்கள், வாங்கிக் கட்டிக்கொள்வார். 'எங்களை அழைக்கும் முன்' என்று கம்பெனி எல்லோருக்கும் அனுப்புகிற குறிப்பை எழுதியவரே அவர்தான். அதில் ஒரு பிரதியைத் தன் வீட்டு டிவிக்குப் பக்கத்திலும் ஒட்டிவைத்திருந்தார். வேண்டுதல் மாதிரி.

அன்று லீவு போட்டிருந்தார். வெளியூரில் மகளுக்கு நீச்சல் போட்டியின் இறுதிச் சுற்று. ஐந்து வருடமாக அவளை நீச்சல் குளத்துக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டவர் அவர். ஆனால் ஷிப்ட் வேலையால் ஒரு போட்டியைக்கூடப் பார்த்ததில்லை. "இன்னைக்காவது பாப்பியாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள். மூன்று நிமிடம்கூட ஆகாத பந்தயம்.

நேரலை தொடங்கியதும் படம் மங்கிக் கட்டம் கட்டமாக உடைந்தது.

"மூணாவது லேன்ல நிக்கிறது நம்ம பொண்ணுதாங்க. தெரியுதுல்ல, விடுங்க" என்றாள் மனைவி.

"இதையே தொழிலா வச்சிருக்கிறவன் வீட்டுல மங்கலாப் பாக்கணுமா?"

குறிப்பின்படி இறங்கினார். ஆப்பை மூடித் திறந்தார். வைஃபையிலிருந்து மனைவியின் போனைக் கழற்றிவிட்டார். பிறகு டிவிக்குப் பின்னால் குனிந்து கேபிளை அழுத்திப் பார்த்தார்.

"ஏங்க, நம்ம பொண்ணு கை காட்டுறா!"

"இரு, இரு."

"உங்க ஆபீசுக்கே ஒரு போன் போடுங்களேன்."

"போட்டா அவனுங்க எனக்கே முப்பது செகண்ட் சொல்லுவானுங்க. அந்த மானக்கேடு வேறயா?"

சொல்லிவிட்டு ரவுட்டரைப் பிடுங்கினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

அவர் எண்ணினார். அவசரத்துக்குக்கூட ஒரு செகண்டைக் குறைக்காத நேர்மை அவருடையது. முப்பது ஆனதும் ஆன் செய்தார். ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாக மாற இரண்டு நிமிடம் ஆகும். அதையும் அவர்தான் எழுதியிருந்தார். மூன்றாவது விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து மனைவி போட்ட கூச்சல் சுவரைத் தாண்டி வந்தது.

விளக்கெல்லாம் பச்சையாகி, ஆப் திறந்து, ஒருவழியாகப் படமும் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. யாரோ ஒரு பணியாளர் கரையில் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பணியாளரின் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணலாம். குளத்தில் ஒருவரும் இல்லை. தன்னைத்தானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மனைவி மூச்சு வாங்க வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது.

"அப்பா, ஜெயிச்சுட்டேன்! பாத்தியா? ஸ்டார்ட்டுக்கு முன்னாடி உனக்குத்தான் கை காட்டினேன்!"

மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். பதினோரு வருடத்தில் போனில் அவர் பொய் சொன்னதில்லை.

"படம் ரொம்பத் தெளிவா இருந்துச்சும்மா" என்றார்.

"நடுவுல எங்கயும் நிக்கலையே?"

"லேசா மங்குச்சு. முப்பது செகண்ட்ல சரி பண்ணிட்டேன்."