மூன்று மாதம் மட்டும்

வீட்டில் அவளுக்குப் பராக்கு என்று பெயர். கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடை வாசலை மிதிக்கும்போது எதை வாங்க வந்தோம் என்பது மறந்திருக்கும். பராக்குப் பார்க்காதே என்று திட்டித் திட்டி அலுத்துப்போன அம்மா, கடைசியில் அந்தத் திட்டையே செல்லப் பெயராக்கிவிட்டாள். கல்லூரியில் புவியியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, "மேகம் பார்க்கறதுக்குக்கூடப் படிப்பு இருக்கா?" என்று அப்பா உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார்.

இடம் கிடைத்துவிட்டது, கட்டணம்தான் உதைத்தது. அப்பாவும் அம்மாவும் முட்டி மோதிப் பாதியைத் தேற்றினார்கள். மீதிக்கு மாமா வந்து வழி சொன்னார்.

"நம்ம மளிகைக் கடையில பில் போட உக்காரட்டும். நிரந்தர வேலை. படிப்பு எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் சேர்ந்துக்கலாம்."

பராக்கு திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன்னால் இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று மாமா அவளுக்கும் சொன்னார். ஒரு வருஷம்தானே என்று அக்கா மருந்துக்கடை வேலைக்குப் போனாள். நல்ல வேலை, நல்ல முதலாளி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் வினையே. நல்ல வேலையை உதறிவிட்டு யார் எழுந்து போவார்கள்?

மறுநாளே வேலை தேடிக் கிளம்பினாள். டயர் கடையில் இரண்டு வருடமாவது இருக்க வேண்டும் என்றார்கள். சர்வீஸ் சென்டரில் ஐந்து வருடம் கழித்துக் கிடைக்கப்போகும் பதவி உயர்வைப் பற்றிப் பேசினார்கள். அவள் கும்பிடு போட்டுவிட்டு வந்தாள். ஊர் எல்லையில், புதுக் கார்கள் லாரியிலிருந்து இறங்கும் யார்டின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஓட்டுநர்கள் தேவை, மூன்று மாதம் மட்டும், முடிவில் மொத்தத் தொகை. மூணு மாசம்தானா என்று மற்றவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். அவளை இழுத்ததே அந்த வரிதான், கட்டணத்தின் கடைசி நாளுக்குள் முடிந்துவிடும். உரிமம் கையில் இருந்தது. பதினெட்டு முடிந்த கையோடு அக்காவும் அவளும் சேர்ந்து போய் எடுத்தது. காரே இல்லாத வீட்டில் எதற்கு இரண்டு உரிமம் என்று அம்மா அப்போது அலுத்துக்கொண்டாள்.

வேலை ரொம்ப எளிது. லாரியிலிருந்து இறங்கும் காரைக் கழுவும் இடத்துக்கு ஓட்ட வேண்டும். அங்கிருந்து சோதனைக் கூடம், பிறகு வரிசை. மிக நீண்ட பயணமே நானூறு மீட்டர்தான். கண்ணாடியில் தொங்கும் அட்டையில் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஓடிய தூரம் இருபது கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அது புதுக் கார் இல்லை, ஓடிய கார். யார்டில் கும்பிடும் தெய்வம் ஒன்று உண்டென்றால் அது அந்த இருபதுதான்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினால் உலகத்தின் சத்தம் முழுக்க அடங்கிவிடும். ஒவ்வொரு காருக்கும் அவள் மனதுக்குள் ஓர் ஊரைக் கொடுத்தாள். நீ கடலுக்குப் போ. நீ பனி பெய்கிற இடத்துக்கு. உன்னை ஒரு பிரசவ வலிக்காரி அவசரமாகக் கூப்பிடுவாள், மெதுவாகக் கூட்டிக்கொண்டு போ. உள்ளூரைத் தாண்டாதவள் ஒரு நாளைக்கு அறுபது காரை ஊர் ஊராக அனுப்பிவைத்தாள். இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த வேலையும் செய்ததில்லை.

இன்னும் மூன்று வாரம் இருக்கும்போதுதான் அது நடந்தது. ஒரு பிற்பகல், மழை அப்போதுதான் விட்டிருந்தது. யார்டின் சிமெண்ட் தரை முழுக்கத் தண்ணீர், தண்ணீர் முழுக்க வானம். கருநீலக் கார் ஒன்றை வரிசைக்குக் கொண்டுபோனவள் வரிசையைத் தாண்டிப் போய்விட்டாள். சுற்றுச்சுவரை ஒட்டி வளையமாக ஒரு பாதை உண்டு. சக்கரத்தின் கீழே மேகங்கள் விலகி விலகி வழிவிட்டன. எத்தனை சுற்று என்று அவளுக்கே தெரியாது. மனதுக்குள் ஓர் ஆற்றின் பிறப்பிடம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினாள். நிறுத்தி இறங்கப்போகும்போது கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தாள். பதினேழாக இருந்தது இருபத்தொன்றாகியிருந்தது.

அட்டையைப் பார்த்தாள். கடைசிக் கையெழுத்து டாக்டருடையது. சத்தத்தை வைத்தே காரின் நோயைச் சொல்லிவிடுவதால் அவருக்கு அந்தப் பட்டம். பத்து வருடம் தற்காலிகமாகவே ஓட்டி, இந்த மாதம்தான் அவர் வேலை நிரந்தரமாகப் போகிறது. அவள் கையெழுத்துப் போடாமல் இறங்கிப் போனால் பழி அவர் தலையில் விழும். யாரும் பார்க்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக மேற்பார்வையாளரிடம் போனாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எல்லோருக்கும் அவர் விசிலம்மா.

"நாலு கிலோமீட்டர் எதுக்கும்மா சுத்துன?"

சொல்ல ஒரு நல்ல பொய்கூடக் கிடைக்கவில்லை. "மழை விட்டிருந்துச்சு மேடம். தரை பூரா வானமா இருந்துச்சு."

விசிலம்மா ஜன்னல் வழியே தரையைப் பார்த்தார். திட்டவில்லை.

"இனிமே சாவியைத் தொட விடமாட்டேன். பாதியில நின்னா மொத்தத் தொகையும் கிடையாது, அது கம்பெனி சட்டம். ஆனா தானா வந்து சொன்ன ஆளை விட மனசு வரல. ஆபீஸ்ல அட்டை எழுதற வேலை காலியா இருக்கு. நிரந்தரம். படிப்பை அடுத்த வருஷம் பாத்துக்கோயேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தண்டனை என்றால் அழுதுவிட்டுப் போகலாம். இது அன்பாக வந்தது.

வீட்டில் சொன்னாள். செய்தி காதுக்கு எட்டியதும் வந்து சேர்ந்த மாமாவுக்கு வாயெல்லாம் பல். "தப்பு பண்ணியும் வேலை குடுக்கறாங்கன்னா அதிர்ஷ்டம்தான்!" அம்மா அவள் தலையைத் தடவினாள். அக்கா மட்டும் எழுந்து நின்றாள்.

"அவங்களுக்கு வேண்டியது மூணு வாரத்துக்கு ஓட்டறதுக்கு ஒரு ஆள். அவ்வளவுதானே? நான் போறேன்."

"கடையை விட்டுட்டாடி?" என்றாள் அம்மா.

"ஆறு வருஷமா எடுக்காத லீவு கிடக்கும்மா."

காலையில் அக்காவே யார்டுக்குப் போய்ப் பேசினாள். சீசன் நேரத்தில் ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த விசிலம்மா, ஒரு மணி நேரம் ஓட்டவைத்துப் பார்த்தார். "மூணு மாசம் முழுசா முடியணும், யாரு முடிச்சா எனக்கென்ன" என்று தங்கையின் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரையும் எழுதிக்கொண்டார். முதல் நாள் அக்கா இரண்டு முறை இன்ஜினை அணைத்துவிட்டாளாம். மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்கு வரும்போது முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

தொகை முழுசாகக் கைக்கு வந்தது. பராக்கு கட்டணத்தைக் கட்டி, ரசீதோடு வீட்டுக்கு வந்தாள். திங்கட்கிழமை அக்கா மருந்துக்கடைக்குத் திரும்ப வேண்டும். கட்டணம் கட்டிய அன்று மாலை அக்கா ரசீதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தங்கையைப் பார்க்காமலே கேட்டாள்.

"சாயங்கால வகுப்புக்கெல்லாம் என் வயசுக்காரங்களைச் சேர்த்துப்பாங்களாடி?"

எப்போதும் எதையாவது மறந்துவிட்டு வருகிறவள், கல்லூரி அறிவிப்புப் பலகையில் மாலை வகுப்புக்கென்று போட்டிருந்த தேதியை மட்டும் மறக்காமல் வந்திருந்தாள்.

"சேர்த்துப்பாங்கக்கா. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."