பீலியில் ஓடிவந்த சாப்பாடு

ரிகோவுக்குப் போகிறோம் என்று என் மனைவி பிலோமினா சொன்னதும் நான் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டேன். மொன்றியலில் இருக்கிற எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு ரிகோ என்றால் ஒன்றுதான்: மலையடிவாரத்தில் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி. கோடையில் பஸ் பிடித்துப் போவார்கள், செபமாலை சொல்லுவார்கள், பிறகு மர நிழலில் பாயை விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். பார்சல் பிரிக்கிற நேரம் மெழுகுதிரி கொளுத்துகிற சாட்டில் எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்து வைத்திருந்தேன்.

ஏன் எழும்பிப் போக வேண்டும் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டு மாரிக்கு முன்னர் எனக்குப் பாரிசவாதம் வந்தது. நடை திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, தேவைக்குக் கூடவே வந்துவிட்டது என்பாள் பிலோ. வலது கை மட்டும் வரவில்லை. டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருசத்துக்கு மேல் பெட்டி ஏற்றி இறக்கிய கை இப்போது ஒரு கரண்டியைப் பிடிக்காது. அதனால் இடது கையால் சாப்பிடுகிறேன். வீட்டில், குசினிக் கதவைச் சாத்திவிட்டு, தனிய. வேறு ஒருவர் முன்னாலும் இல்லை. பூசையில் குருவானவர் தருகிற நன்மை அப்பத்தைக்கூட நாக்கில்தான் வாங்குகிறேன். இடது கையால் சாப்பிடுவதைக் கண்டால் எங்கள் ஆட்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் வேறு பக்கம் பார்ப்பார்கள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

செப்டெம்பரில் மகள் நிரோசாவுக்குக் கலியாணம். லவாலில் மண்டபம் எடுத்தாயிற்று. "அப்பா, நீங்கள் எங்கட மேசையில இருந்து எங்களோட சாப்பிடோணும்" என்று அவள் கேட்டு ஒரு மாதமிருக்கும். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முன்னூறு பேருக்கு முன்னால் இடது கையால் என்று நினைத்ததும் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். "பெத்த மகளின்ர சந்தோசத்தைவிட உங்கட கை பெரிசாப் போச்சு" என்று பிலோ ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. அவள் கத்தினால் பயமில்லை, கதைக்காமல் விட்டால்தான் பயம்.

யூலை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஒன்பதரை. பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு வாசலிலேயே முப்பது டிகிரி வெயில். என் கை போனதிலிருந்து பிலோதான் கார் ஓடுகிறாள். கர்க்லாண்ட் தாண்டி நாற்பதாம் நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே போனோம். ரிகோ எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீற்றர்தான். ஆனால் மொன்றியல் தீவை விட்டு வெளியேறுகிற பாலத்தில் திருத்த வேலை. கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. கீழே ஆற்றில் படகுகள் எங்களைவிட வேகமாகப் போயின. வழி சொல்லுகிற தொலைபேசியை நிரோசா பிரெஞ்சுக்கு மாற்றி விட்டிருந்தாள். அது சொல்லுவது பிலோவுக்குப் பாதி விளங்கும், எனக்கு அதுவும் இல்லை.

நெடுஞ்சாலையை விட்டு ரிகோவுக்குள் இறங்கியதும் கெபிக்குத் திரும்புகிற தெரு வந்தது. பிலோ திரும்பவில்லை.

"இதிலதான் திரும்போணும்" என்றேன்.

"அங்கயில்லை."

"அப்ப எங்க போறீர்?"

"மலைக்குப் பின்பக்கம். மிச்சிகோ கூப்பிட்டவ. நூடில்ஸ் சாப்பிட."

மிச்சிகோ கர்க்லாண்டில் பிலோ வேலை செய்கிற கார்டெரியில் அவளோடு சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற யப்பான்காரி. மிச்சிகோவும் வருவதாக பிலோ முதலே சொன்னபோது, யப்பானிலும் மாதாவுக்கு நேர்த்தி வைக்கிறார்களாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

"நூடில்ஸுக்கு இவ்வளவு தூரமோ? சென்ட்-லோரான்ல இல்லாத நூடில்ஸோ?"

"இது ஓடுற நூடில்ஸாம்."

"என்னது ஓடுறது?"

"நூடில்ஸ்."

"எங்க ஓடுது?"

"எனக்கென்ன தெரியும். அவ பிரெஞ்சில சொன்னவ. நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினனான்."

எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று முதலே தெரிந்திருந்தால் கட்டிலை விட்டு எழும்பியிருக்கமாட்டேன். "நான் காருக்குள்ள இருக்கிறன், நீர் போய்ச் சாப்பிட்டுட்டு வாரும்" என்றேன். "இருங்கோ. இந்த வெயில்ல அவிஞ்சு போவியள்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

சென்ட்-மார்த் பக்கம் சரளைக்கல் பாதையில் போய் ஒரு பண்ணைக்கு வந்து சேர்ந்தோம். பதினொரு மணி தாண்டிவிட்டது. பண்ணை ஒரு கியூபெக்காரருடையது, அவர் மனைவி யப்பான்காரி. வருசத்தில் ஒருநாள் யப்பான் குடும்பங்களெல்லாம் இங்கே கூடுமாம். ஆளுக்கு இருபது டொலர், பிள்ளைகளுக்கு இலவசம். காசைக் கொடுத்ததும் ஒரு பெண் எங்கள் இருவரிடமும் கறுப்புச் சாறு ஊற்றிய சின்னக் கோப்பையும் இரண்டு குச்சிகளும் தந்தாள். நான் கோப்பையை இடது கையில் வாங்கினேன். குச்சிகளை பிலோ என் சட்டைப் பையில் செருகிவிட்டாள். கதிரை இல்லை, மேசை இல்லை, சட்டி பானை ஒன்றும் கண்ணில் படவில்லை.

முற்றத்தின் நடுவில், மழைத்தண்ணீர் வழிந்தோடுகிற கூரைப் பீலி ஒன்று நின்றது. அப்படித்தான் நினைத்தேன். கிட்டப் போனால் மூங்கில். நெடுக்கப் பிளந்து, உள்முடிச்சுகளைத் தட்டியெடுத்து, முக்காலித் தடிகளின் மேல் சரிவாகக் கிடத்தியிருந்தார்கள். மேல் நுனி ஆள் உயரத்துக்கு மேலே, கீழ் நுனி முழங்கால் உயரத்தில். மூங்கில் போதாமல் போனதால் கடைசித் துண்டு உண்மையிலேயே பிளாஸ்டிக் பீலி, கடையில் வாங்கியது. மேலே தோட்டக் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாளி, வாளிக்கு மேல் அரிதட்டு. முப்பது பேர் வரையில் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை கழுவுற இடமோ?" என்று பிலோவிடம் கேட்டேன்.

"கதைக்காமல் நில்லுங்கோ."

மேல் நுனியில் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி மிச்சிகோ நின்றாள். ஒரு கிண்ணத்திலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்துத் தண்ணீரில் விட்டாள். இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டது போல ஒரு சின்னச் சிக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. குச்சிகள் பாய்ந்தன. ஒரு பெண் பிடித்தாள், கோப்பையில் தோய்த்தாள், உறிஞ்சினாள். அடுத்தது வந்தது. எங்களைத் தாண்டிப் போய், கீழே நின்ற யப்பான் கிழவர் ஒருவரின் குச்சியில் அகப்பட்டது. அதற்கடுத்ததும் போனது. நாங்கள் இருவரும் மரியாதையாக நின்றோம். ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடுங்கோ என்று ஒருவர் சொல்லிப் பரிமாறாமல் நாங்கள் கை வைக்கிறதில்லையே.

"எங்களுக்கு ஒருத்தரும் போடேல்லை" என்றாள் பிலோ மெல்லிய குரலில்.

மிச்சிகோ மேலே நின்று பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"பிடிக்கட்டாமப்பா."

"மற்ற ஆக்களின்ர பங்கையோ?"

"பங்கெண்டு ஒண்டும் இல்லையாம். பிடிக்கிற ஆளுக்குத்தானாம்."

விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு, ஓடுகிற சாப்பாட்டை நீங்களே பறித்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இது என்ன உபசரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை. பிலோ துணிந்து குச்சியை விட்டாள். முதலாவது வழுக்கியது. இரண்டாவதும் வழுக்கியது. முழங்கை வரைக்கும் நனைந்த பிறகு நாலு நூல் அகப்பட்டது. சாற்றில் தோய்த்து வாயில் வைத்தவள் கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள்.

"என்ன?"

"மணந்து பாருங்கோ."

கோப்பையை என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். மாசி. சம்பலுக்கு நாங்கள் இடித்துப் போடுகிற அதே மாசிக் கருவாட்டு வாசம். யப்பான்காரரும் அதே மாதிரி மீனைக் காயவைத்துச் சீவித்தான் அந்தச் சாற்றைக் காய்ச்சுகிறார்களாம். கியூபெக் பண்ணையில், மூங்கில் பீலிக்குப் பக்கத்தில், எங்கள் குசினி வாசம். நான் எந்த ஊரில் நிற்கிறேன் என்றே ஒரு கணம் பிடிபடவில்லை. பசி மட்டும் நன்றாகப் பிடிபட்டது.

ஆனால் இது இரண்டு கை வேண்டிய சாப்பாடு. ஒன்றில் கோப்பை, மற்றதில் குச்சி. "எனக்கு வேண்டாம், நான் பாக்கிறன்" என்றேன். நல்ல சாட்டு. இருந்தும், முப்பது பேர் சிரித்துச் சிரித்து உறிஞ்ச நான் மட்டும் கோப்பையோடு நின்றபோது, எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அறுபது வயதில் நூடில்ஸுக்கு அழுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.

அப்போது மிச்சிகோ என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். நீங்கள் உயரம், இந்தப் பெட்டி ஆடுகிறது, நான் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, கொஞ்ச நேரம் நீங்கள் விடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி இறங்கி, கிண்ணத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். பிலோ அவளிடம் என்னைப் பற்றி ஏதும் சொல்லி வைத்தாளா என்று பிறகு கேட்டேன். "நானேன் சொல்லுறன்" என்றாள். அது ஓமா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஏறி நிற்க எனக்குப் பெட்டி தேவைப்படவில்லை; என் கோப்பையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கிண்ணத்தில் பனிக்கட்டித் தண்ணீருக்குள் வெள்ளைச் சுருள்கள் கிடந்தன. எடுத்து விட எனக்கு இருந்தது இடது கை. சின்ன வயதில் இடது கையால் ஒருவருக்குத் தண்ணீர் நீட்டினாலே "கையை மாத்து" என்பார்கள். இங்கே நான் முப்பது பேருக்கு அந்தக் கையால் சாப்பாடு போட வேண்டும். விறைத்துப்போய் நின்றேன். கீழே எல்லா முகமும் என்னையே பார்த்தன. ஒரு சின்னப்பெண் பொறுமையிழந்து பீலியைக் குச்சியால் தட்டினாள்.

விட்டேன். கூடிப்போய்விட்டது, மூங்கில் பொருத்தில் போய் அடைத்துக்கொண்டது. எல்லோரும் சிரிக்க, ஒருவர் குச்சியால் குத்தி விட்டார்.

"சின்னச் சின்னனா விடுங்கோ" என்றாள் பிலோ.

சின்னதாக விட்டேன். பிடித்தார்கள். இன்னொன்று விட்டேன். வெள்ளைக்குள் அபூர்வமாக ஒரு இளஞ்சிவப்பு நூல் வரும், அதற்குப் பிள்ளைகள் போட்டி போட்டு அடிபட்டார்கள். "அங்கோர், அங்கோர்" என்று இன்னும் இன்னும் கேட்டார்கள். என் கையை ஒருவரும் பார்க்கவில்லை, கையிலிருந்து விழுவதைத்தான் பார்த்தார்கள். கடைசியில் நின்ற கிழவர் ஒன்றைப் பிடித்து விழுங்கிவிட்டு, என்னைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். இடது கையால் போட்டதற்கு ஒரு மனிதர் இப்படி நன்றி சொன்னால் என்ன செய்வது? நானும் குனிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மிச்சிகோ திரும்பி வந்தாள். போட்டவர் இனிச் சாப்பிட வேண்டும் என்றாள். நான் மறுப்பதற்குள் பிலோ கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பெட்டியில் ஏறிவிட்டாள். மிச்சிகோ என்னை வரிசையில் நிறுத்தி, என் கோப்பையை முக்காலித் தடிகள் சேருகிற கவட்டில் நிமிர்த்தி வைத்தாள்.

வலது கை நன்றாக இருந்த காலத்திலேயே நான் குச்சி பிடித்ததில்லை. முதலாவது சுருள் என்னைத் தாண்டிப் போனது. இரண்டாவதும் போனது. பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு விட்டுக்கொடுப்பதற்காகக் குச்சிகளைத் தூக்கிக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது. எல்லோரும் இப்போது என் கையைத்தான் பார்த்தார்கள். எதற்கு இரண்டு வருசமாகப் பயந்தேனோ அது வந்துவிட்டது. ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்றாவது வந்துகொண்டிருந்தது, பசியும் இருந்தது.

குச்சிகளைப் புல்லில் போட்டேன். வெறும் கையைத் தண்ணீருக்குள் குறுக்கே வைத்தேன். பனிக்கட்டிக் குளிர். சுருள் வந்து விரல்களில் இடித்து நின்றது. அள்ளினேன், கோப்பையில் தோய்த்தேன், சோறு சாப்பிடுகிற மாதிரி விரலைக் குவித்து வாயில் வைத்தேன். சாறு முழங்கையால் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கியது. குளிரும் உப்பும் மாசியும். நல்ல ருசி.

உடனே பிள்ளைகள் எல்லோரும் குச்சிகளை எறிந்துவிட்டுக் கையை விட்டார்கள். தாய்மார் யப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் அதட்டினார்கள். அவர்களுடைய பழைய வழக்கம் ஒன்றை ஒரு நிமிசத்தில் நான் கெடுத்துவிட்டேனோ, அல்லது அப்படியும் செய்யலாமோ, ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிலோ கிண்ணத்தைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்ததை விட மறந்துபோனாள்.

"விடுமன்" என்றேன்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். காரில் வழி சொல்லுகிற பிரெஞ்சுக்காரி மட்டும் கதைத்தாள். எதை மெச்சுவது, எதைக் குறை சொல்வது என்று எனக்கு அப்போதும் தெளியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: எங்கள் வயிற்றுக்கு அந்த நூல் காணாது. வோத்ராயை நெருங்கும்போது தெருவோரத்தில் ஒரு சிற்றுண்டிக் கடை, உருளைக்கிழங்கு பொரிகிற வாசம்.

"நிப்பாட்டும், பசிக்குது."

ஒரு பெரிய பூட்டீன் வாங்கினோம். பொரித்த கிழங்கு, அதன்மேல் சீஸ் கட்டி, அதன்மேல் சுடச்சுடக் குழம்பு. வெளியே நாலைந்து மர மேசைகள். ஒன்று மட்டும் காலி, அதற்குப் பக்கத்து மேசையில் ஒரு தமிழ்க் குடும்பம். யாழ்ப்பாணத்துப் பேச்சு தூரத்திலேயே கேட்டது. பிலோவுக்கும் கேட்டது. தட்டோடு தயங்கி நின்றாள்.

"காருக்குள்ள இருந்து சாப்பிடுவமோ?"

"ஏன், மேசை இருக்குத்தானே."

போய் இருந்தேன். முள்ளுக்கரண்டியை இடது கையில் எடுத்தேன். பக்கத்து மேசைக்காரர் என் கையைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார்.

"அண்ணை, உது நல்லாயிருக்கோ? நாங்கள் இன்னும் ஓடர் சொல்லேல்லை."

"குழம்பு கொஞ்சம் உப்பு. ஆனால் எடுங்கோ தம்பி, நல்லாயிருக்கு" என்றேன் வாய் நிறையக் கிழங்கோடு.

பிறகு பிலோவின் பக்கம் திரும்பி, "நிரோசாவிட்டச் சொல்லும், அந்த மேசையில எனக்கும் ஒரு கதிரை வைக்கச் சொல்லி" என்றேன்.

பிலோ ஒரு கிழங்கை எடுத்துக் குழம்பில் தோய்த்தாள். "அதை அவள் எப்பவோ வைச்சிட்டாள்" என்றாள்.